டிசம்பர் இரண்டும் மார்ச் மூன்றும்

டிசம்பர் 2 ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசிய தினம். 1971ஆம் ஆண்டு அந்நாளில்தான் அபுதாபி, துபாய், ஷார்ஜா, அஜ்மான், உம்முல் குவைன், புஜைரா ஆகிய ஆறும் ஒரு கொடியின் கீழ் ஒன்றுகூடின. ராஸல் கைமா 1972 பிப்ரவரியில் ஏழாவதாக வந்து சேர்ந்தது. அம்மண்ணின் மக்கள் அந்நாளைக் கொண்டாடுவது இயல்பு. அதைப் பற்றி நமக்குப் பேச்சில்லை. ஆனால் கட்டுமாவடியிலிருந்து மீமிசல் வரை நீண்டு கிடக்கும் நம் புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரை ஊர்களில், சபுராளிகளின் இல்லங்கள் சிலவற்றில் அந்நாள் ஒரு குட்டிப் பெருநாளாக நுழைந்து வருகிறது. சிவப்பு, பச்சை, வெள்ளை, கறுப்பு என நான்கு வண்ணத்தில் கேக் வருகிறது. சிறுவனுக்குக் கந்தூரா அணிவித்துப் படம் எடுக்கிறார்கள். வீட்டாரின் கைபேசிகளிலெல்லாம் அக்கொடி பறக்கிறது. மாடிச் சுவரில் கட்டித் தொங்கவிடும் வீடும் உண்டு. இது தகுமா, தகாதா? தகாது என்பதே நம் கருத்து. அதற்கான காரணங்களை நம் வாசகக் குடும்பங்களின் முன் வைக்கிறோம்.

நன்றி மறந்தவர்களாக நாம் பேசவில்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக இக்கரையோரத்தில் எத்தனையோ அடுப்புகள் வளைகுடா ஊதியத்தால்தான் எரிகின்றன. கடலையும் வானம் பார்த்த வயலையும் விட்டால் வேறு பிழைப்புக் காணாத ஊர்களில் கல்வீடு எழுந்ததும், குமர்கள் கரையேறியதும், பிள்ளைகள் கல்லூரி வாசலை மிதித்ததும், பள்ளிவாசல் மினாராக்கள் உயர்ந்ததும் அப்பணத்தால்தான். ரிசர்வ் வங்கி 2023-24ஆம் ஆண்டிற்கு எடுத்த கணக்கின்படி, இந்தியாவுக்கு வெளிநாடுகளிலிருந்து வந்த பணத்தில் அமீரகத்தின் பங்கு மட்டும் 19.2 விழுக்காடு. தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்த பங்கு 10.4 விழுக்காடு. அந்தப் பத்தில் நம் கோட்டைப்பட்டினத்தாரும் கோபாலப்பட்டினத்தாரும் அம்மாபட்டினத்தாரும் அனுப்பிய காசும் அடங்கும்.

ஆனால் சகோதரர்களே, அது சதக்காவாக வந்த பணமன்று. சுட்டெரிக்கும் கோடையில் சாரத்தின் மேல் நின்றும், கடையில் பதினான்கு மணி நேரம் கால் கடுக்க நின்றும், பிறர் வீட்டு வாகனம் ஓட்டியும் பெற்ற கூலி அது. வேலை கொடுத்தவர் கூலி கொடுத்தார். கூலி பெற்றவர் வேலை கொடுத்தார். இதில் ஒருவர் மற்றவருக்கு ஆயுள் அடிமையாகக் கடன்படவில்லை.

இங்கே இளைய தலைமுறை அறியாத ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். இன்று திர்ஹமும் தீனாரும் எண்ணுகின்ற அந்தக் கரையில் ஒரு காலத்தில் நம் ரூபாய்தான் செலாவணி. 1959இல் நம் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி நோட்டுகள் அச்சிட்டு அனுப்பியது. 1966 ஜூன் 6ஆம் நாள் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்த பிறகுதான் துபாயும் ஷார்ஜாவும் அதைக் கைவிட்டன. அத்தனை ஆண்டுகள் நம் நாணயத்தில் கொடுத்து வாங்கிய துபாய் முத்து வணிகர், அந்த நன்றிக்காக ஆகஸ்டு 15 அன்று தம் இல்லத்தில் மூவண்ணக் கொடி கட்ட வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை. அவரும் கட்டவில்லை. அதில் குறையேதும் உண்டா? வணிகத் தொடர்பு வேறு, குடியுரிமை வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

தேசிய தினம் என்பது குடிமக்களுக்கும் அவர்தம் நாட்டுக்கும் இடையே உள்ள உடன்படிக்கையின் ஆண்டு நினைவு. அந்த உடன்படிக்கையில் நம் சபுராளிக்கு இடம் ஏது? முப்பது ஆண்டு உழைத்தவரும் விசா முடிந்தால் பெட்டி கட்ட வேண்டியவர்தான். அறிவியலாளர், மருத்துவர், பெருமுதலீட்டாளர் போன்ற சிலரைத் தேர்ந்தெடுத்துக் குடியுரிமை வழங்க 2021இல் அமீரகம் வழி திறந்தது உண்மை. ஆனால் அந்த வாயில் கொத்தனாருக்கும் கடைச் சிப்பந்திக்கும் திறக்கவில்லை. அது அந்நாட்டின் உரிமை. தம் குடிகள் யார் என்று அவர்களே முடிவு செய்யட்டும். நாம் வழக்காடவில்லை. ஆனால் அழைக்கப்படாத விருந்தில் நாமே இலை போட்டு அமர்வானேன்?

இன்னும் வெளிப்படையாகச் சொல்வோம். 2019இல் வகுக்கப்பட்ட விதிப்படி, மாதம் 4,000 திர்ஹம் ஊதியமோ, தங்குமிடத்துடன் 3,000 திர்ஹமோ பெறாத ஒருவர் தம் மனைவி மக்களை அமீரகத்தில் தம்முடன் குடிவைத்துக்கொள்ள இயலாது. நம் ஊர்களிலிருந்து சென்றவர்களுள் எத்தனை பேர் அந்த வரம்புக்குக் கீழே இருக்கிறார்கள் என்பதை ஒவ்வொரு தெருவும் அறியும். கணவனோடு வாழ முடியாமல், இரண்டாண்டுக்கு ஒரு முறை வரும் நாற்பது நாள் விடுமுறைக்காகக் காத்திருக்கும் ஒரு பெண், தன்னை வெளியே நிறுத்திய அதே எல்லைக்கோட்டின் கொடியைத் தன் சமையலறையில் சர்க்கரைப் பாகில் வரைந்து வெட்டுகிறாள். அவளைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. அவள் கொண்டாடுவது அந்த நாட்டையன்று, அங்கிருக்கும் தன் மனிதரை என்று நாம் அறிவோம். அந்த ஏக்கத்தை ஒரு கேக்கில் மூடி, எல்லாம் நலம் என்று தெருவுக்குக் காட்டும் இந்த வழக்கத்தையே நாம் சாடுகிறோம். பிரிவின் கணக்கைப் பேசவேண்டிய இல்லங்கள் அதைப் பேசாமல் இருக்க இது ஒரு சாக்காகிவிட்டது.

ஆபத்து வந்த நாள்களை எண்ணிப் பாருங்கள். 1990 ஆகஸ்டு 2ஆம் நாள் ஈராக்கியப் படை குவைத்தில் புகுந்தது. குவைத் மக்களே நாடிழந்து நின்ற வேளை அது. அவர்கள் யாரைக் காப்பார்கள்? பாலைவெளியைக் கடந்து ஜோர்தான் தலைநகர் அம்மானுக்கு வந்து கிடந்த நம் மக்களை ஏற்றிவர நம் நாட்டு விமானங்கள்தான் போயின. ஏறத்தாழ 1,70,000 பேர் அவ்வாறு மீட்கப்பட்டனர். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காப் பகுதியில் தொழிலாளர் தங்கியிருந்த கட்டடம் தீப்பற்றி 45 இந்தியர் மாண்டனர். அவருள் எழுவர் தமிழ்நாட்டினர். அந்த ஜனாஸாக்களைச் சுமந்து கொச்சியில் இறங்கியது இந்திய விமானப்படையின் விமானம். நம் அரசு சபுராளிகளுக்கு எல்லாம் செய்துவிட்டது என்று சான்று கொடுக்க நாம் இதைக் கூறவில்லை. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் ஊர் திரும்பியவர்கள் பயணச் சீட்டுக்குத் தம் கைக்காசைத்தான் கொடுத்தார்கள் என்பதை நாம் மறக்கவில்லை. ஆனால் அந்தக் குறையை நாம் உரக்கக் கேட்க முடிகிறது, கேட்க உரிமை இருக்கிறது. எந்த நாட்டிடம் அவ்வாறு கேட்க முடியுமோ அதுதான் நம் நாடு.

விருந்தினனாகச் சென்ற இடத்தில் முஸ்லிம் எவ்வாறு நன்றி செலுத்துவான்? இதற்கு நமக்கு அழகிய முன்மாதிரி உண்டு. மக்கத்துக் குறைஷியரின் கொடுமை தாளாமல் ஸஹாபாக்களுள் ஒரு கூட்டத்தார் கடல் கடந்து அபிசீனியாவுக்குச் சென்றார்கள். நம் சமுதாயத்தின் முதல் சபுராளிகள் என்று அவர்களைச் சொல்லலாம். அங்கே ஆண்ட நஜ்ஜாஷி மன்னரிடம் குறைஷியர் பரிசுகளோடு ஆள் அனுப்பி இவர்களைத் திருப்பிக் கேட்டனர். ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் அரசவையில் எழுந்து நின்று தம் மார்க்கத்தை எடுத்துரைத்தார்கள்; மர்யம் அத்தியாயத்தின் வசனங்களை ஓதினார்கள். மன்னர் பரிசுகளைத் திருப்பிவிட்டு இவர்களுக்கு அடைக்கலம் தந்தார். பின்னர் அவருக்கு எதிராக ஒருவன் கிளம்பியபோது, முஹாஜிர்கள் நஜ்ஜாஷியின் வெற்றிக்காக அல்லாஹ்விடம் இறைஞ்சினார்கள். போரின் முடிவை அறிந்துவர, இளைஞரான ஸுபைர் (ரலி) அவர்கள் காற்றடைத்த தோற்பையில் மிதந்து நைல் நதியைக் கடந்து போனார்கள் என்று உம்மு ஸலமா (ரலி) அவர்களின் அறிவிப்பு கூறுகிறது. ஜஃபர் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 7இல், கைபர் வெற்றியின் போதுதான் மதீனா வந்தடைந்தார்கள். பத்தாண்டுக்கும் மேலாக ஒரு நாட்டின் சோற்றை உண்டவர்கள்! அந்த மன்னர் மறைந்த செய்தி எட்டியபோது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களை அணிவகுத்து நிற்கச் செய்து ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள்.

இதைவிட உயர்ந்த நன்றி உண்டா? துஆ இருந்தது, அந்நாட்டின் அமைதியில் அக்கறை இருந்தது, இறப்பில் துயரம் இருந்தது. ஆனால் அபிசீனியாவின் அரசு விழாவை மதீனாவின் வீடுகளுக்குள் கொண்டுவந்து வைத்ததாக வரலாறு எங்கும் கூறவில்லை. மதீனாவில் மக்கள் விளையாட்டில் கழித்துவந்த இரு நாள்களுக்குப் பகரமாகவே இரு பெருநாள்கள் நமக்கு அருளப்பட்டன என்பதையும் வாசகர்கள் அறிவார்கள்.

மார்க்க அறிஞர் சிலர் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, எந்தத் தேசிய தினமும் ஆகாது, ஆகஸ்டு 15உம் ஆகாது என்று ஒரே வீச்சில் வெட்டுகிறார்கள். சவூதி அரேபியா 1932 செப்டம்பர் 23இல் அப்பெயர் பூண்டது. ஆயினும் அந்நாள் அங்கே அரசு விடுமுறையானது 2005இல்தான். அதற்கு முன்பு அதை ஏற்காத மூத்த உலமாக்கள் அந்நாட்டிலேயே இருந்தனர் என்பதும் உண்மை. ஆனால் நாம் அந்த வழியில் வாதிக்கவில்லை. தேசிய தினங்கள் வணக்கமல்ல. ஆட்சியாளர் குறித்துக்கொண்ட நாள்கள். பஹ்ரைன் விடுதலை பெற்றது 1971 ஆகஸ்டு 15 அன்று. ஆனால் கொண்டாடுவதோ டிசம்பர் 16. குவைத் விடுதலை பெற்றது 1961 ஜூன் 19. கொண்டாடுவது, ஓர் அமீர் அரியணை ஏறிய பிப்ரவரி 25. அவரவர் வசதி, அவரவர் அரியணை! அவற்றைப் புனிதமாக்கவும் வேண்டாம், ஷிர்க் என்று அஞ்சவும் வேண்டாம். தாய்நாட்டை நேசிப்பது ஈமானின் பகுதி என்று மேடைதோறும் நபிமொழியாகச் சொல்லப்படுவதை ஹதீஸ் வல்லுநர்கள் ஏற்கவில்லை என்பதை அறிந்தே சொல்கிறோம்: அந்த வாசகத்தின் துணை இல்லாமலே சொந்த மண்ணை நேசிக்கலாம். மதீனாவில் காய்ச்சலில் கிடந்த பிலால் (ரலி) அவர்கள் மக்கத்துப் புல்லையும் சுனையையும் நினைத்து ஏங்கினார்கள் என்று புகாரியில் வருகிறது. அது போதும் நமக்கு.

இன்னொரு கூட்டத்தாருக்கும் பதில் சொல்லவேண்டும். அவர்கள் நம் தெருவில் ஒரு பச்சைத் துணியைக் கண்டாலே, இவர்கள் நெஞ்சு எங்கே இருக்கிறது பார் என்று கைநீட்டுபவர்கள். அமெரிக்காவில் மகன் இருக்கும் வீட்டில் ஜூலை 4 அன்று விருந்து நடந்தால் அவர்கள் புன்னகைப்பார்கள். அமீரகத்தில் மகன் இருக்கும் வீட்டில் டிசம்பர் 2 அன்று ஒரு கேக் வெட்டினால் மட்டும் விசுவாசத்துக்குச் சான்றிதழ் கேட்பார்கள். சான்றிதழ் வழங்கும் அலுவலகத்தை அவர்களிடம் எவரும் ஒப்படைக்கவில்லை. அவர்கள் பார்க்கிறார்களே என்று ஒளித்துவைப்பதற்காக நாம் இதை எழுதவில்லை. எவர் பார்த்தாலும் பாராவிட்டாலும், நமக்குள் நாம் பேசித் தீர்க்கவேண்டிய வீட்டுக் கணக்கு இது.

சிங்கப்பூரையும் மலேசியாவையும் இதே தட்டில் வைக்க வேண்டாம். அங்கே நம் முன்னோர் வேரூன்றினார்கள். சிங்கப்பூரில் சூலியா பள்ளிவாசலும் நாகூர் தர்காவும் இரு நூற்றாண்டுப் பழமை உடையவை. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்று. அந்நாட்டுக் குடிமக்களாகிவிட்ட நம் உறவினர் ஆகஸ்டு 9ஐயோ ஆகஸ்டு 31ஐயோ கொண்டாடினால் அது அவர்தம் கடமை. ஆனால் அந்தச் சிங்கப்பூர்ப் பெரியப்பாவின் நாளை அறந்தாங்கியில் இருக்கும் தம்பி வீட்டார் ஏன் கொண்டாடவேண்டும்? அவருக்குத் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னால் தீர்ந்தது.

ஷார்ஜாவில் பிறந்து வளர்ந்து, அத்தாவின் வேலை போனதால் பத்து வயதில் ஊர் திரும்பிய பிள்ளையின் நிலை வேறு. அவன் கண் திறந்து பார்த்த தெரு அது. பள்ளியில் அவன் அந்தக் கொடியை வரைந்திருப்பான். அவன் இங்கும் அதை வரைந்தால் பறித்துக் கிழிக்காதீர்கள். காலம் செல்லச் செல்ல அவனே தன் ஊரைக் கண்டுகொள்வான், நாம் காட்டினால்.

காட்டுகிறோமா என்பதுதான் கேள்வி. ஏழு அமீரகங்களின் பெயரையும் வரிசை தவறாமல் ஒப்பிக்கும் நம் பிள்ளையிடம், மார்ச் 3 என்ன நாள் என்று கேட்டுப் பாருங்கள். விழிப்பான். அவன் அத்தாவும் விழிப்பார். தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948 மார்ச் 3ஆம் நாள்தான் தன் தனியாட்சியை முடித்துக்கொண்டு இந்திய ஒன்றியத்தோடு கலந்தது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. அதுவரை அம்மன் காசு என்ற சொந்த நாணயம் வழங்கிய சீமை அது. அறந்தாங்கியும் கோட்டைப்பட்டினம், மணமேல்குடிக் கரையும் அப்போது தஞ்சை மாவட்டத்தில், ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியில் இருந்தவை. ஆக இன்று ஒரே மாவட்டத்தினராய் இருக்கும் திருமயத்தாரும் கோட்டைப்பட்டினத்தாரும் வெவ்வேறு வழியாக விடுதலைக்குள் வந்தவர்கள். இரு பகுதியும் ஒன்றாகிப் புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தது 1974 ஜனவரி 14 அன்று. இந்தக் கதையை எந்த வீட்டில் சொல்கிறோம்?

அதே 1974இல்தான் கச்சத்தீவு உடன்பாடும் கையெழுத்தாயிற்று. ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் விசைப்படகு ஏறுகிறவர்களைக் கேளுங்கள், கொடி என்றால் என்னவென்று. கடலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டைத் தாண்டினால் எந்த நாட்டுச் சிறையில் கிடப்பது என்பதை அவர்களுக்கு அதுதான் தீர்மானிக்கிறது. பக்கத்து வீட்டு மீனவர் இலங்கைச் சிறையில் இருக்க, இந்த வீட்டு மாடியில் இன்னொரு நாட்டுக் கொடி விளையாட்டுப் பொருளாக ஆடுவது, குறைந்த அளவில் சொன்னாலும், அக்கம்பக்கம் அறியாத செயல்.

ஆட்சியாளர் நாளைக் கொண்டாடிப் பழகிய வரலாறும் நமக்கு உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவின் பள்ளிகளில் விக்டோரியா பிறந்த மே 24ஐப் பேரரசு தினமாகக் கொண்டாடினார்கள். 1935இல் ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளிவிழாவுக்கும், 1937இல் ஆறாம் ஜார்ஜின் முடிசூட்டுக்கும் பிள்ளைகளுக்கு மிட்டாய் தந்தார்கள். நம் பாட்டனார்கள் வாங்கித் தின்றார்கள், அது ஆணை. இன்று நம்மை எவரும் ஆணையிடவில்லை. அமீரகத்து ஷேக்குகள் மணமேல்குடியில் கேக் வெட்டும்படி கேட்கவும் இல்லை.

டிசம்பர் 2 அன்று அங்கே விடுமுறை. நம் சபுராளி சற்று ஓய்வாக இருப்பார். வீட்டுக்கு நெடுநேரம் பேசுவார். அந்த நேரத்தை நல்ல வழியில் செலவிடலாமே. அவருக்கு வேலை தந்த மண் செழிக்கட்டும் என்று துஆ செய்யுங்கள். மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவர் என்பது நபிவழி. பிறகு கேட்கவேண்டியவற்றைக் கேளுங்கள். பாஸ்போர்ட் அவர் கையில் இருக்கிறதா, முதலாளியின் பெட்டியில் இருக்கிறதா? முதலாளி பிடித்துவைப்பதை அமீரக அரசே தடை செய்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியுமா? ஒப்பந்தத்தின் நகல் ஒன்று வீட்டில் உண்டா? பத்தாம் வகுப்புத் தேறாமல், குடிபெயர்வு அனுமதி பெற்றுச் சென்றவராயின், புறப்படும்போது பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்னும் அரசுக் காப்பீடு எடுத்திருப்பார். இரண்டாண்டுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் உயிரிழந்தாலோ முடமானாலோ குடும்பத்துக்கு 10 லட்சம். அந்தக் கெடு முடிந்து எத்தனை ஆண்டாயிற்று, அதைப் புதுப்பித்தாரா என்று கேளுங்கள். நான்கு வண்ணக் கேக் ஒன்றின் விலையில் அதைப் புதுப்பித்துவிடலாம்.